பனிச்சாலையும் டயர் தேர்வும்: சரோஜினி நகரிலிருந்து ஒரு பயணம்

நவம்பர் பிறந்துவிட்டால் தில்லி சரோஜினி நகர்ச் சந்தையின் முகம் மாறிவிடும். ஏற்றுமதியில் எஞ்சிய குளிராடைகள் குவியல் குவியலாக நடைபாதைக்கு வந்து சேரும். மணாலிக்கும் சிம்லாவுக்கும் புறப்படும் குடும்பங்கள் அங்கே பேரம் பேசித் தடித்த மேலங்கி, கையுறை, கம்பளித் தொப்பி என்று தலை முதல் கால் வரை மூடிக்கொள்ள வேண்டியவற்றையெல்லாம் வாங்கிவிடும். அவர்களைச் சுமந்து செல்லும் கார் மட்டும், ஜூன் மாத வெயிலில் எந்த டயரோடு ஓடியதோ அதே டயரோடு பனிக்குள் நுழையும். உடலுக்குக் குளிரும் என்பதை அறிந்தவர்கள் ரப்பருக்கும் குளிரும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படிப் புறப்பட்டவர்களுள் ஒருவர், அப்பகுதியில் வளர்ந்த தமிழர். நடுவண் அரசு அலுவலர். அவருடைய தந்தை எழுபதுகளில் கும்பகோணத்திலிருந்து அரசுப் பணிக்காகத் தில்லி வந்தவர். விநய் நகர் என்ற பழைய பெயரை இன்னும் நாவில் வைத்திருப்பவர். மகனுக்கு நாற்பது வயதில் நிறைவேறிய கனவு ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். தரையோடு ஒட்டிய உடல், ஆற்றல் மிக்க டர்போ எஞ்சின், பதினெட்டு அங்குலச் சக்கரம், அதில் அகலமான, பக்கச்சுவர் குட்டையான கோடைக்கால டயர். யமுனை விரைவுச்சாலையில் அந்த வண்டி சாலையைப் பற்றிக்கொள்ளும் விதத்தைக் கண்டவர்கள், எந்தச் சாலையையும் அது அவ்வாறே பற்றும் என்று நம்பினால் வியப்பதற்கில்லை. அவரும் நம்பினார். ஒரு ஜனவரியில் தந்தை, மனைவி, பள்ளி செல்லும் மகள் ஆகியோருடன் மணாலிக்குப் போனார்.

அப்பயணத்தை விளங்கிக்கொள்ள ஒரு சுரங்கப் பாதையின் வரலாறு வேண்டும். மணாலிக்கு வடக்கே 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோஹ்தாங் கணவாய் குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை அந்தத் தடையை நீக்கியது. அதுவரை ஜனவரியில் லாஹௌல் பள்ளத்தாக்கைக் காணும் வாய்ப்பே இல்லாதிருந்த சமவெளிக் கார்கள், இப்போது சிசு கிராமம் வரை காலையில் சென்று மாலையில் திரும்புகின்றன. சாலை மலையேறிய வேகத்தில் சாலையறிவு மலையேறவில்லை. 2024 டிசம்பர் இறுதியில் சோலாங் பகுதியில் பனி கொட்டியபோது ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. காவல்துறையினர் இரவோடிரவாக ஆயிரக்கணக்கானோரை மீட்க நேர்ந்தது.

தில்லி கடல்மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் தென்வாயில் 3,000 மீட்டரையும் தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, இவ்விரு இடங்களுக்கும் இடையே பதினெட்டுப் பாகை வேறுபாடு உண்டு. தில்லியில் இதமான இருபது பாகை நிலவும் நண்பகலில், சுரங்க வாயிலில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கியிருக்கும். காரில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஹீட்டர் உண்டு. டயருக்கு அது இல்லை.

அந்தக் குடும்பம் சிசுவுக்குப் போகும்போது வானம் தெளிந்திருந்தது. சாலையில் பனி வாரப்பட்டிருந்தது. திரும்பும்போது சுரங்கத்தின் தென்புறத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. முன்னே சென்ற வண்டிகள் பனியை அழுத்தி அழுத்திப் பளிங்காக்கியிருந்தன. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம்தான். ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தார். பெடல் காலடியில் அதிர்ந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினார், சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. சாலையோரம் வாரிக் குவித்திருந்த பனிமேட்டில் மூக்கை நுழைத்து நின்றது. மேடு இருந்த பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. யாருக்கும் காயமில்லை. பின்னால் வந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் இறங்கிவந்து, வாடகைக்கு எடுத்து டிக்கியிலேயே கிடந்த சங்கிலியை முன்சக்கரங்களில் மாட்டிக் கொடுத்தார். முதல் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், எஞ்சினின் இழுப்பிலேயே இறங்கச் சொன்னார். மணாலி வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. விடுதி வாசலில் தந்தை மட்டும், "வண்டி நல்ல வண்டிதான்டா. நிக்க மாட்டேங்கறதே, அதைப் பாரு" என்றார்.

தந்தை சொன்னதை இயற்பியலும் சொல்கிறது. நான்கு டயர்களும் சாலையைத் தொடும் பரப்பு, ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான். எஞ்சினின் ஆற்றல் எவ்வளவாயினும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே சாலையை அடைய வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8. இறுகிய பனியில் நல்ல குளிர்கால டயருக்கு 0.3 அளவு கிடைக்கும்; கோடைக்கால டயருக்கு அதில் பாதி கிடைப்பதே அரிது. சாலை எட்டு விழுக்காடு சரிவில் இறங்குவதாகவும், வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகவும் கொள்வோம். கெழு 0.3 எனில் பிரேக் பிடித்து ஏழு மீட்டரில் வண்டி நிற்கும். 0.15 எனில் இருபத்திரண்டு மீட்டர் வேண்டும். பனி உருகி மீண்டும் கண்ணாடிபோல் உறைந்த இடத்தில் கெழு 0.1 ஆகக் குறையும்; அங்கே சாலையின் சரிவு பத்து விழுக்காடாக இருந்தால், பிரேக்கை முழுதும் மிதித்தாலும் வண்டி வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் திறமைக்கு அந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை.

இந்த வேறுபாடு ரப்பரின் வேதியியலில் தொடங்குகிறது. ரப்பர் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே கண்ணாடிபோல் இறுகிவிடும். அந்த எல்லையை நெருங்க நெருங்கவே அதன் நெகிழ்வு குறையத் தொடங்கும். வெப்பச் சாலையில் உயர்வேகத்தில் பற்றுவதற்கென்று செய்யப்படும் கோடைக்கால டயரின் கலவை, ஏழு பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டு, உறைநிலைக்குக் கீழும் அது மென்மையாகவே இருக்கும். அதன் கட்டைகளில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். காலணியின் அடிப்பகுதி வழுக்காமலிருக்க 1923இல் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயரால் அவை சைப் எனப்படுகின்றன. கீறல்களும் பள்ளங்களும் பனியைக் கவ்வி உள்ளே வைத்துக்கொள்ளும். பனி பனியோடு ஒட்டும் தன்மையுடையது. டயருக்குள் சிக்கிய பனி சாலையிலுள்ள பனியைப் பிடித்துக்கொள்கிறது. கோடைக்கால டயரின் வழவழப்பான அகன்ற முகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஏழு பாகை என்பது தொலைதூர நாட்டு எண் அன்று. தில்லியின் வெப்பநிலையை நாட்டுக்கு அறிவிக்கும் சப்தர்ஜங் வானிலை நிலையம் சரோஜினி நகருக்கு அருகில்தான் உள்ளது. ஜனவரி விடியற்காலைகளில் அங்கே பதிவாகும் வெப்பம் ஏழு பாகையை ஒட்டியே நிற்கும். 1935 ஜனவரியில் அது உறைநிலைக்குக் கீழேயும் இறங்கியது. கோடைக்கால டயருக்கு உவப்பில்லாத குளிர், மலைக்குப் புறப்படும் வாசலிலேயே காத்திருக்கிறது.

ஊர் திரும்பிய பின் அவர் மாண்ட்ரியாலில் வாழும் சித்தப்பா மகனை அழைத்தார். நடந்ததைக் கேட்ட தம்பி முதலில் கேட்ட கேள்வி, "அண்ணா, என்ன டயர் போட்டிருந்தீங்க?" என்பதுதான். என்ன கார், எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஜெர்மனியில் பனியும் உறைபனியும் உள்ள சாலையில் அத்தகைய டயர் இல்லாமல் ஓட்டினால் தண்டம் உண்டு. ஆண்டுதோறும் டயர் மாற்ற நாள் குறித்துக் கடைக்குப் போவது, கனடாவிலும் நார்வேயிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல் பருவக் கடமையாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ தஞ்சையிலோ பிறந்து பனியையே பார்த்திராதவர்கள் அதை ஒரே தலைமுறையில் கற்றுக்கொண்டார்கள். சட்டம், காப்பீடு, அண்டைவீட்டார் என்று மூவரும் சேர்ந்து கற்பித்தார்கள். தில்லியிலிருந்து மலையேறுபவருக்கு அந்த மூவருள் ஒருவரும் இல்லை.

தம்பி வேறு சிலவற்றையும் சொன்னார். டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் பொறித்த குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அவை தயாரிப்பாளரின் கூற்று, சிகரக் குறியோ பனியில் சோதித்துத் தரப்படுவது. ஜெர்மனியும் 2024 அக்டோபர் முதல் சிகரக் குறியை மட்டுமே ஏற்கிறது. நான்கு டயர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் மட்டும் மாற்றினால் முன்பகுதி பற்றிக்கொள்ள, வால் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். ஸ்போர்ட்ஸ் செடானுக்கு இயன்றால் சிறிய ரிம்மும் சற்றே குறுகலான டயரும் நல்லது. குறுகிய டயர் மென்பனியைப் பிளந்து கீழே இறங்கும். அகலமான டயர் அதன்மேல் மிதக்கும். சங்கிலி மாட்ட இடம் கிடைப்பதும் சிறிய ரிம்மில்தான். பெரிய சக்கரத்துக்குச் சங்கிலியே ஆகாது என்று பல ஸ்போர்ட்ஸ் செடான்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன.

இத்தனையும் கேட்ட பிறகு தேர்வு எளிதாகிவிடவில்லை. ஆண்டுக்கு இருமுறை மலைக்குப் போகிறவர் நான்கு டயர்களும் நான்கு ரிம்களும் தனியே வாங்கி, அடுக்குமாடி வீட்டில் எங்கே அடுக்கி வைப்பது? குளிர்கால டயரைத் தில்லியின் நாற்பத்தைந்து பாகை வெயிலில் ஓட்டினால் விரைவில் தேயும். பிரேக் பிடிக்கும் தொலைவும் கூடும். சமவெளிக் கடைகளில் அது எளிதாகக் கிடைப்பதுமில்லை. குருகிராமில் தலைமையகம் கொண்ட அப்போலோ டயர்ஸ் 2009இல் நெதர்லாந்தின் விரெடஸ்டைன் நிறுவனத்தை வாங்கியது. ஐரோப்பாவின் பனிச்சாலைகளுக்கு அப்பெயரில் குளிர்கால டயர்கள் விற்பனையாகின்றன. தொழில்நுட்பம் சரோஜினி நகரிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் இருக்கிறது. கேட்பவர்கள் இல்லாததால் கடைக்கு வருவதில்லை.

சிகரக் குறி பெற்ற நான்குபருவ டயர் நடுவழி. அது கோடையிலும் பனியிலும் முதல் தரமாக இராது. இரண்டிலும் ஆளைக் காப்பாற்றும். விரைவுச்சாலையில் அவர் விரும்பிய அந்தப் பிடிப்பில் சிறிதை இழக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்த அவர், கோடைக்கால டயரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அடுத்த குளிர்காலத்தில் காரை மணாலியிலேயே நிறுத்திவிட்டு உள்ளூர் வாடகை வண்டியில் மேலே போவதென்று முடிவு செய்தார். தந்தைக்கும் அதுவே உவப்பாக இருந்தது. டயர் தேர்வு என்பது இறுதியில், இந்த வண்டி எதுவரை போகலாம் என்று எல்லை குறிப்பதுதான்.

அவ்வாறு எல்லை குறிக்கும் பொறுப்பு தனிமனிதரின் மனச்சான்றில் மட்டும் நிற்கலாமா என்பது பொதுக் கேள்வி. பனி பெய்யும் நாள்களில் மணாலிக்கு மேலே நேரு குண்ட் போன்ற இடங்களில் காவல்துறை தடுப்பு வைத்து, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை மட்டும் விடுவது வழக்கம். அது தேவையான ஏற்பாடு. ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நின்றுவிடும் வண்டிகளை அது குறைக்கிறது. ஆனால் அது அளப்பது ஏறும் திறனை. பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிகளும் நான்கு சக்கரங்களாலேயே நிற்கின்றன. தேய்ந்த கோடைக்கால டயர் போட்ட நான்கு சக்கர இயக்க வண்டி, உயரமாகவும் கனமாகவும் மேலே ஏறிவிடும். இறங்கும்போது அந்தச் செடானைப் போலவே வழுக்கும்.

வழுக்கிய வண்டி ஒன்று சாலையை அடைத்தால் பின்னால் நூறு வண்டிகள் நிற்கும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரில் நடந்ததை மறக்கலாகாது. பனிப்புயலில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்கும்போது, பனி புகைக்குழாயை மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நின்றுபோன வண்டியில் இருப்பவர்கள் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். சன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். எஞ்சினை விட்டுவிட்டே ஓட்ட வேண்டும். மலைக்குப் போகும் மாணவர் குழுக்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

தடுப்பில் நிற்கும் காவலர் வண்டியின் இயக்க முறையைக் கேட்கும்போதே குனிந்து டயரின் பக்கச்சுவரையும் பார்க்கலாம். சிகரக் குறி இல்லையெனில் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று கேட்கலாம். அதற்குச் சில நொடிகள் போதும். ஓட்டுநர் உரிமப் பாடத்தில் வெப்பநிலையும் டயரும் பற்றி ஒரு பக்கம் சேர்க்கலாம். அதுவரை, சரோஜினி நகர்ச் சந்தையில் மேலங்கிக்குப் பேரம் பேசுகிறவர்கள் வாகன நிறுத்தத்துக்குத் திரும்பியதும் தங்கள் டயரின் பக்கச்சுவரை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அந்தக் குறி அங்கே இல்லாவிட்டால், மேலே பனி பெய்யும் நாளில் அந்தக் கார் மணாலியிலேயே நிற்கட்டும்.