மணியடித்தவர்கள்

ஜெர்மனி நாட்டுப் பவேரியா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கு. அதன் பங்குத்தந்தை கோடை விடுப்பில் சென்றிருந்தமையால், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முழுவதும் அவருக்குப் பதிலாக அங்கே பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. திருப்பலிக்கு வருவோர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களது மொழியோ, எழுதிவைத்துப் படிக்கும் அளவுக்கே நமக்கு வசப்பட்டிருந்தது. ஆகவே ஒரு வியாழனன்று, கொட்டும் மழையில் பங்கு இல்லத்தின் அழைப்புமணி ஒலித்தபோது, பேச ஆள் கிடைத்ததென்ற மகிழ்ச்சியோடுதான் கதவைத் திறந்தோம்.

வெளியே இரண்டு இளைஞர்கள் நின்றனர். வெண்ணிறச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பலகை. மார்மன் சபையின் மறைப்பணியாளர்கள். அது ஒரு குருவின் இல்லம் என்று அறியாமலே மணியடித்துவிட்டார்கள். நமது கழுத்துப்பட்டியைக் கண்டதும் அவர்கள் முகம் மாறியது. அவர்களது பெயர்ப்பலகையைக் கண்டதும் நமது முகமும் மாறியிருக்க வேண்டும். "மன்னியுங்கள்" என்று திரும்பப் போனவர்களை மழைதான் தடுத்தது. உள்ளே அழைத்தோம்.

காப்பி கலக்க எழுந்தோம். வேண்டாம் என்றார்கள். தேநீர்? அதுவும் வேண்டாம். காப்பியும் தேநீரும் மதுவும் புகையிலையும் அவர்களது சபையில் விலக்கப்பட்டவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாலைக் காய்ச்சிக் கொடுத்தோம். குழந்தைகளைப் போல் இரு கைகளாலும் கோப்பையைப் பற்றிக்கொண்டு குடித்தார்கள்.

மூத்தவருக்கு வயது பத்தொன்பது. அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஓர் உழவரின் மகன். மற்றவர் பிரேசில் நாட்டவர். வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இருவர் பெயருக்கும் முன்னால் 'எல்டர்', அதாவது 'மூப்பர்' என்ற பட்டம். மீசை அரும்பும் பருவத்தில் மூப்பர்! நம் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் குருமடத்தில் பயின்று குருப்பட்டம் பெற்றவரும் உதவிப் பங்குத்தந்தையாக இருக்கும்வரை 'சின்னச் சாமி'தான். இதைச் சொன்னபோது இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆயினும் நம்மை 'ஃபாதர்' என்றழைக்க அவர்களுக்கு நா எழவில்லை. 'சார்' என்றே அழைத்தார்கள். அதில் நமக்கு வருத்தமில்லை.

"உங்களுடைய ஒரு வாரம் எப்படிக் கழியும்?" என்று கேட்டோம்.

இந்தக் கேள்வியை அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை போலும். ஜெர்மன் மொழியில் மனப்பாடம் செய்துவைத்திருந்த அறிமுக உரையை விட்டுவிட்டு, தம் தாய்மொழியில் மெல்லப் பேசத் தொடங்கினார். காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். சிறிது உடற்பயிற்சி, பின்னர் செபம், மறைநூல் படிப்பு, மொழிப் பயிற்சி, அதன்பின் தெரு. இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளும் இவ்வாறே. எங்கே அனுப்பப்படுவோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. உடன் பணியாற்றுபவரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அவரை விட்டுத் தனியே எங்கும் செல்லவும் கூடாது. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, யாருக்கு எந்த ஊர், எந்தத் துணை என்று மாற்றல் அறிவிப்பு வரும். ஊதியம் கிடையாது. மாறாக, 2020-ஆம் ஆண்டு நடு முதல் மாதம் 500 டாலர் குடும்பமே கட்ட வேண்டும். இவருக்காகத் தந்தை ஒரு டிராக்டரை விற்றாராம். இவ்விதம் 70,000-க்கும் மேற்பட்ட இளையோர் உலகெங்கும் பணியாற்றுகின்றனர்.

கிழமைகளை அவர் விரைவாகவே சொல்லிச் சென்றார். ஒரு மாலை, வருவோர்க்கெல்லாம் இலவச ஆங்கில வகுப்பு. ஒரு நாள், வீடு மாறும் முதியவர் எவருக்காவது நாற்காலி மேசை சுமத்தல். எஞ்சிய நேரமெல்லாம் கதவுகள். கதவுகளைப் பற்றிப் பேசும்போதுதான் அவரது குரல் நின்று நின்று வந்தது. ஒரு தெரு முழுக்க மணியடித்தால் பாதி வீடுகள் திறப்பதேயில்லை. திரைச்சீலை மட்டும் அசையும். திறப்போரில் சிலர் பணிவோடு மறுப்பர். சிலர் நாயை அவிழ்த்துவிடப் போவதாகச் சொல்வர். நாயைவிடத் திரைச்சீலைதான் தம்மை வருத்துகிறது என்றார் அவர். பதினான்கு மாதங்களில் தம் கையால் ஒருவருக்கும் திருமுழுக்கு அளித்ததில்லை. ஆறாம் மாதம் வீடு திரும்பிவிட எண்ணியிருக்கிறார். இடையில் திரும்புவோரைத் தம் ஊரார் எவ்வாறு நோக்குவர் என்ற அச்சம் ஒருபுறம், டிராக்டர் மறுபுறம்.

திங்கட்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு. துணி துவைத்தல், கடைக்குப் போதல், முடிவெட்டிக்கொள்ளல், மாலையில் தாயோடு பேசுதல். அங்கே மாலை ஐந்து என்றால் ஐடாஹோவில் காலை ஒன்பது. 2019-ஆம் ஆண்டுக்கு முன்னர் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே வீட்டாரோடு பேச முடியும். அவ்வாண்டு பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம். "அண்ணன் போனபோது அம்மா ஆண்டுக்கு இருமுறைதான் அழுதார். இப்போது வாரந்தோறும் அழுகிறார்" என்றார்.

நமக்குப் புனித சவேரியார் நினைவுக்கு வந்தார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்கும் மொழி பெருந்தடையாகவே இருந்தது. இரு மொழியும் அறிந்தோரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். உடன் துறவியர் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களது கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம் கழுத்தில் அணிந்திருந்தார். திங்கட்கிழமைத் தொலைபேசி இல்லாத காலம் அது.

ஆனால் இரக்கத்தின் பெயரால் உண்மையை மறைத்தலாகாது. இவ்விளைஞர் நம்புவது நாம் நம்பும் மூவொரு இறைவனை அன்று. தந்தையும் மகனும் உடல் கொண்ட தனித்தனி ஆள்கள் என்பது அவர்களது போதனை. எனவேதான் அவர்கள் வழங்கும் திருமுழுக்கு செல்லாது என்று 2001-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. அவர்களோ, திருத்தூதர்களுக்குப் பின் உண்மைத் திருச்சபை உலகினின்று மறைந்துவிட்டதென்றும், 1830-இல் ஜோசப் ஸ்மித் வழியாகவே மீண்டும் நிறுவப்பட்டதென்றும் கொள்கின்றனர். அந்தக் கணக்கில் நமது குருத்துவம் செல்லாது. ஒருவர் மற்றவரது திருமுழுக்கை ஏற்காத மூவர், ஒரே மேசையில் பால் அருந்திக்கொண்டிருந்தோம். இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னோம். தமக்கும் தெரியும் என்றார்.

மழை விட்டது. எழும்போது, மிக இயல்பாக அவர் கேட்டார்: "நீங்கள் ஒரு வாரத்தில் எத்தனை வீடுகளுக்குப் போவீர்கள், சார்?"

ஏதோ சொன்னோம். ஞாயிறு திருப்பலி, அன்பியக் கூட்டங்கள், பள்ளி நிர்வாகம், கட்டட வேலை, ஆயர் இல்லத்துக் கூட்டங்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லவில்லை. போகுமுன் செபிக்கலாமா என்று கேட்டு, அவர் செபித்தார். நாம் தலைகுனிந்து நின்றோம். முடிவில் நாம் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டதைப் பிரேசில் இளைஞர் வியப்போடு பார்த்தார். அவருடைய பாட்டியும் அப்படித்தான் செய்வாராம்.

அடுத்த திங்களன்று, தங்கள் ஓய்வு நாளில், ஆலயத்தைப் பார்க்க இருவரும் வந்தார்கள். மறுநாள் மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அந்நாளில் மூலிகைக் கட்டுகளை மந்திரித்துக் கொடுப்பது அப்பகுதி வழக்கம். ஆலயத்தின் பின்புறம் பாட்டிமார் மூலிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். ஆள் பற்றாக்குறை. இளைஞர்கள் யார் எவரென்று கேட்காமலே ஆளுக்கொரு நூற்கண்டைக் கொடுத்துவிட்டனர். எதற்காகக் கட்டுகிறோம் என்பதை அறிந்தும் கட்டினார்கள். பின்னர் மூத்தவர் பீடத்துப் பாடுபட்ட சுருபத்தின் முன் நெடுநேரம் நின்றார். அவர்களது ஆலயங்களில் சிலுவை வைப்பதில்லை. "உயிர்த்தவரை ஏன் இன்னும் இப்படியே வைத்திருக்கிறீர்கள்?" என்றார். இறையியல் வகுப்பில் இதற்குப் பல விடைகள் எழுதியிருக்கிறோம். அன்று, "திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள், தம்பி" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. ஒன்றும் பேசாமல் தலையசைத்தார். மாதம் முடிவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஊர் திரும்பினோம். நம் பங்கில் ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு செபக்கூடத்திற்குப் போய்விட்டிருந்தது. அதைக் குறித்து மறையுரையில் கடுமையாகப் பேசியிருக்கிறோம். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவோருக்குக் கதவைத் திறக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறோம். அவ்வீட்டுத் தலைவர் நோயுற்றுக் கிடந்த நான்கு மாதங்களும் அந்த வெள்ளைச் சேலைப் பெண்கள் நாள்தோறும் சென்று அருகில் அமர்ந்திருந்தார்கள் என்பதும், நாம் ஒருமுறைகூடச் செல்லவில்லை என்பதும் ஊரறிந்தது. மறையுரையில் இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை அவ்வீட்டுக்குச் சென்று மணியடித்தோம். சன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. மறு வாரமும் போனோம். மகள் வெளியே வந்து, "அம்மா தூங்குறாங்க, சாமி" என்றாள். உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாம் வாரம் அந்த அம்மையாரே திறந்தார். நடையிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டு, "உட்காருங்க" என்றார். சுவரில் மாதா படம் இருந்த இடத்தில் சதுரமாய்ச் சுண்ணாம்பு வெளுத்திருந்தது. காப்பி கொண்டுவந்து வைத்தார். கோயிலுக்குத் திரும்புவது பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. கணவர் கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், இரவில் எப்படித் தவித்தார் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.