நிமிர்ந்த வேனும் குறையாத பாரமும்

புனேவிலிருந்து தாம்ஹிணி மலைப்பாதை வழியே கொங்கணத்துக்குக் கள ஆய்வுக்குப் புறப்படும் பழைய வேனில், கருவிகள் நிறைந்த டிரெய்லரைப் பூட்டினால் பின்புறம் தாழும். பட்டறையில் ஒரு பட்டை கூட்டினால் நிமிரும். பார்ப்பவர் பாரம் தீர்ந்ததென நம்புவர்.

அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் உள்ள வேனில், பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னேயுள்ள கொக்கியை டிரெய்லர் 75 கிலோ எடையால் அழுத்தினால், முன்னச்சின் சுமையில் 30 கிலோ குறையும். பின்னச்சில் 105 கிலோ கூடும். பட்டை இக்கணக்கை மாற்றுவதில்லை. அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறனையும் உயர்த்துவதில்லை. முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்த அந்த வண்டியில்தான் மாணவர்கள் மலை இறங்குகிறார்கள்.

ஆதலின் பட்டறைக்கு முன் எடைமேடைக்குச் செல்வதே முறை. ஒவ்வோர் அச்சின் சுமையும் தயாரிப்பாளர் வகுத்த வரம்புக்குள் அடங்கிய பின்னரே பட்டை கூட்டுவது பொருளுடையது.