நோக்கியா 5800: விரலா, குச்சியா?

டச் ஸ்கிரீன் என்றாலே ஐஃபோன் என்று எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த 2008 அக்டோபரில், 'எங்களுக்கும் தொடத் தெரியும்' என்று நோக்கியா அறிவித்த ஃபோன் 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக். (இதுதான் நோக்கியாவின் முதல் தொடுதிரை என்று சிலர் அடித்து விடுவார்கள். தப்பு. 2004-லேயே 7710 என்று ஒன்றை அறிவித்தார்கள். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது, பாவம்.)

பட்டியலை மட்டும் பார்த்தால் அமர்க்களம்தான். 3.2 அங்குலத் திரை, 3.2 மெகாபிக்சல் கேமரா, வை-ஃபை, ஜி.பி.எஸ்., 3ஜி. பெட்டிக்குள்ளேயே 8 ஜி.பி. மெமரி கார்டு. அதே சமயத்தில், 2008 ஆகஸ்டில், இந்தியாவுக்கு 31,000 ரூபாய் விலையில் வந்த ஐஃபோன் 3ஜி-யில் வீடியோ எடுக்க முடியாது, எம்.எம்.எஸ். அனுப்ப முடியாது, ஒரு வரியை காப்பி பண்ணி இன்னொரு இடத்தில் பேஸ்ட் பண்ணக்கூட முடியாது. ஆகவே 5800-தான் ஜெயிக்க வேண்டும், இல்லையா?

அங்கேதான் சிக்கல். பட்டியலைப் பார்த்து வாங்குகிறவன் வேறு, தினமும் பயன்படுத்துகிறவன் வேறு. காலையில் பஸ்ஸில் பாட்டு, நடுவில் நாலு எஸ்.எம்.எஸ்., ராத்திரி வீட்டுக்கு ஒரு ஃபோன், எப்போதாவது கல்யாண வீட்டில் போட்டோ. சாதாரண ஆளுக்கு இவ்வளவுதான் வேலை. இந்த வேலைகளை வைத்துத்தான் அந்த ஃபோனுக்கு மார்க் போட வேண்டும்.

முதலில் திரை. 5800-ல் இருந்தது 'ரெசிஸ்டிவ்' வகை. மெல்லிய இரண்டு அடுக்குகள், நடுவே துளி இடைவெளி. மேலடுக்கை அழுத்தினால் கீழடுக்கில் போய் முட்டும், எங்கே முட்டியது என்று ஃபோன் கண்டுபிடிக்கும். நகம், குச்சி, பேனா மூடி, எதுவானாலும் வேலை செய்யும். ஐஃபோனில் இருந்தது 'கெபாசிடிவ்'. அதற்கு அழுத்தமே வேண்டாம், விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்துகொள்ளும். ஆனால் குச்சிக்கு மசியாது. வித்தியாசம் கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். ஐஃபோனில் தடவினால் போதும், 5800-ல் அமுக்க வேண்டும். அதனால்தான் முதுகுப் பக்கம் ஒரு குச்சியைச் செருகிக் கொடுத்து, கிடார் வாசிக்கிற வில்லை மாதிரி ஒன்றையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது இன்னொன்று. மெனுவில் ஒரு படத்தைத் தொட்டால் உடனே திறக்கும். ஃபோன்புக்கில் ஒரு பெயரைத் தொட்டால் திறக்காது. முதல் தொடுதலில் அந்த வரி நிறம் மாறும், இரண்டாவது தொடுதலில்தான் திறக்கும். எங்கே ஒரு தட்டு, எங்கே இரண்டு தட்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டும். காலேஜ் பையன் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வான். அம்மாவிடம் கொடுத்தால்? ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது, "இது ரிப்பேர்டா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஏன் இப்படி? சிம்பியன் எஸ்60 என்பது பட்டன் ஃபோனுக்காகப் பிறந்தது. அம்புக்குறியால் ஒரு வரிக்குப் போவது ஒரு வேலை, நடு பட்டனை அமுக்குவது இன்னொரு வேலை. அந்தப் பழைய வீட்டை இடிக்காமல் வாசலை மட்டும் மாற்றினார்கள். முதல் தட்டு அம்புக்குறி, இரண்டாவது தட்டு நடு பட்டன், அவ்வளவுதான் கதை. விரலால் தள்ளினால் பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடும் வசதிகூட 2010-ல் வந்த அப்டேட்டில்தான் சரியாகக் கிடைத்தது.

எஸ்.எம்.எஸ். விஷயமும் அப்படியே. டைப் அடிக்க ஆரம்பித்தால் விசைப்பலகை முழுத் திரையையும் மூடிக்கொள்ளும். எந்தச் செய்திக்குப் பதில் எழுதுகிறோம் என்பதே மறைந்துவிடும். பட்டன் ஃபோனில் ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் பார்க்காமலேயே அடிப்பவர்கள் எத்தனை பேர்! கண்ணாடித் திரையில் அது நடக்கவே நடக்காது.

பாட்டில் மட்டும் குறை சொல்ல ஆளில்லை. சாதாரண 3.5 எம்.எம். ஹெட்போன் போடலாம், பக்கவாட்டில் இரண்டு ஸ்பீக்கர், சத்தமும் தாராளம். யு.எஸ்.பி. வழியாக சார்ஜ் ஏறாது என்பது எரிச்சல்தான். ஆனால் நோக்கியாவின் ஒல்லிப்பின் சார்ஜர் அப்போது எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் கிடைத்தது. பேட்டரியையும் கழற்றி மாற்றலாம்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஓபெரா மினியைப் போட்டு, அதன் கான்ஃபிக் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளை பிட்மேப்பாகக் காட்டும் வசதியை இயக்கினால் எழுத்தெல்லாம் படமாக மாறி வரும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் அந்த அகலத் திரையில் தமிழ் வாசிப்பது சுகம். சின்னத் திரை பட்டன் ஃபோனில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, பாட்டும் படிப்பும் முக்கியம், நோண்டிப் பார்க்கப் பொறுமை உண்டு என்றால் 5800 கொடுத்த காசுக்கு மோசமில்லை. பேசவும் நாலு வரி அனுப்பவும் மட்டுமே ஃபோன் தேவைப்பட்ட அப்பாவுக்கு, போனஸ் பணத்தில் இதை வாங்கிக் கொடுத்தவர்கள் செய்தது வீண் செலவு. டார்ச் லைட் வைத்த 1100-ஏ அவருக்குப் போதும். அதில் சிம்மை மாற்றுவதும் சுலபம். 5800-ல் சிம்மை வெளியே எடுக்க பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தக் குச்சியால் தள்ள வேண்டும். குச்சி தொலைந்துபோயிருந்தால் தீக்குச்சியைத் தேட வேண்டியதுதான்.