ஜெகதளாவில் ஓர் அறை

நீலகிரிக்குப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் நேரே உதகமண்டலத்துக்குப் போய், ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்துவிட்டு, தைலமும் வறுக்கியும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே அருவங்காட்டுப் பக்கமாகத் திரும்பி ஜெகதளாவை எட்டிப் பார்ப்பவர் சொற்பம். படகர்களின் பழைய ஊர் அது. சரிவு முழுதும் தேயிலை. இடையிடையே காய்கறி வயல்கள். வரிசை வரிசையாக வீடுகள் கொண்ட ஹட்டிகள். ஹெத்தையம்மன் விழாக் காலத்தில் வெள்ளை உடுத்திய ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இந்த மலையைக் கோடைவாசஸ்தலம் ஆக்கியவர் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஸல்லிவன் துரை. 1819-ல் மேலே ஏறி வந்தவர், பிறகு தோதர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். அன்று முதல் வெகுகாலம் இங்கே குளிர்காற்றுக்கூட வெள்ளைக்காரருக்கே சொந்தம் என்பது போல் இருந்தது. இன்று நம் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போய் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அதில் நமக்குப் பரம திருப்தி. ஆனால் காற்றைச் சுவாசிப்பதற்கு முன்னால் அறைக்குப் பணம் கட்டவேண்டியிருக்கிறது அல்லவா? விவகாரம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

2025-ஆம் ஆண்டு மே மாதம் 25, 26 தேதிகளுக்கு ஜெகதளாவில் ஒரு விடுதியில் அறை பேசியிருந்தோம். நாளொன்றுக்கு 3,200 ரூபாய். இரண்டு நாளுக்கும் சேர்த்து 6,400 ரூபாயை முன்னதாகவே கட்டியாகிவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்தக் கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளும் மட்டுமே நீலகிரிக்குள் அனுமதி. அதற்கான இ-பாஸும் வாங்கி வைத்திருந்தோம். வயதான தாயாருக்குக் கம்பளி, குழந்தைகளுக்குக் குல்லாய் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று.

அப்போதுதான் வானிலை நிலையத்தாரின் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அந்த இரண்டு நாளும் நீலகிரியில் அதி கனமழை பெய்யும் என்றார்கள். மலை மழையை அலட்சியம் செய்ய நமக்குத் துணிவு இல்லை. 2009 நவம்பரில் ஒரே மழையில் மலை சரிந்து இதே மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு ஜெகதளாவுக்குத் தூரமும் அல்ல. ஆகவே 24-ஆம் தேதி காலையில் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, “நாங்கள் வருவதற்கில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்றோம்.

எடுத்த பையன் மிக்க மரியாதையுள்ளவன். “ஸார், எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் முழுப் பணமும் வரும். அதற்குப் பிறகு ஒரு பைசாவும் வராது. அதுதான் ரூல்ஸ்” என்றான்.

“தம்பி, எச்சரிக்கையே இப்போதுதானே வந்தது? எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வானம் நிர்மலமாக இருந்ததே!”

“நான் என்ன ஸார் செய்வது? மானேஜரிடம் பேசுங்கள்.”

மானேஜர் உலக அனுபவம் உள்ளவர். “மழையை நாங்களா ஸார் பெய்வித்தோம்?” என்று கேட்டார். நாமும் பெய்விக்கவில்லை என்று தெரிவித்துக்கொண்டோம். “உங்களுக்காக அறை காலியாகக் காத்திருக்கும். நீங்கள் வராதது எங்கள் குற்றமா?” என்றார். பணத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குள் வேறொரு நாள் வந்து தங்கலாம் என்று ஒரு சலுகையும் சொன்னார். சனி, ஞாயிறு, பூஜை விடுமுறை, தீபாவளி நீங்கலாக! பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மிச்சம் இருக்கும் நாள் எது என்று நாம் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தோம், அகப்படவில்லை.

விடுதிக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அறை என்பது காலையில் சுட்ட இட்லி மாதிரி. இன்றைக்கு விற்காததை நாளைக்கு விற்க முடியாது. ஏப்ரல், மே இரண்டு மாத வரும்படியில் வருஷம் முழுதும் காலம் தள்ளும் சிறு விடுதிகள் அந்த மலையில் எத்தனையோ. இரண்டு மூன்று இடங்களில் அறை பிடித்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும் கனவான்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சத்திரங்களில் முன்பணம் கேட்டதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் சத்திரத்தை நடத்தியது ராஜாவின் மானியம். விடுதியை நடத்துவது பாங்கிக் கடன்.

மறுநாள் 25-ஆம் தேதி, சொன்னபடியே மழை வெளுத்து வாங்கியது. சுற்றுலா இடங்கள் பலவற்றை மூடிவிட்டார்கள். உதகைக்கு அப்பால் மரம் விழுந்து, கேரளத்திலிருந்து பெற்றோருடன் வந்திருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்ததும் வீட்டில் யாரும் வெகுநேரம் பேசவில்லை. நம் பெரிய பையனுக்கும் அதே வயது.

அன்று சாயங்காலம் மறுபடி விடுதியைக் கூப்பிட்டோம். பணம் கேட்பதற்கு அல்ல. அந்தப் பையனின் க்ஷேமத்தை விசாரிக்கத்தான். “எல்லோரும் சௌக்கியம் ஸார். ஒரு ரூம்கூட இல்லை. கீழே இறங்கப் பயந்துகொண்டு இருக்கிறவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். உங்கள் ரூமில்கூட ஈரோட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், நாளைக்கும் இருப்பார்களாம்” என்று கள்ளங்கபடில்லாமல் சொல்லிவிட்டான்.

ஆக, காலியாகக் காத்திருக்க வேண்டிய அறையில் வேறொரு குடும்பம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது! ஒரே கட்டிலுக்கு இரண்டு வாடகை. இதற்குத்தான் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 1872-ல் வெள்ளைக்காரர்கள் இயற்றி, இன்றும் நம்மை ஆளும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையை அபராதமாக எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்கிறது. முன்னதாகவே கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இது பொருந்தும் என்று 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்றது என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. ரயில்வேக்காரர்கள்கூட வண்டியை அவர்களே ரத்துச் செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

இவற்றை எல்லாம் விவரித்து மானேஜருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். அறை வேறொருவருக்குப் போனது யார் மூலம் தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. வாயைத் திறந்த குற்றத்துக்கு அந்தப் பையனின் வேலை போவானேன்? பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வதாகவும், அறை உண்மையில் காலியாக இருந்திருந்தால் ஒரு நாள் வாடகையை விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருந்தோம் என்றும் சேர்த்துக்கொண்டோம்.

நான்காம் நாள் மானேஜரே கூப்பிட்டார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. “ஸார், முதலாளியிடம் பேசினேன். பத்து சதவிகிதம் பிடித்துக்கொண்டு பாக்கியை அனுப்புகிறோம்” என்றார். எதற்காகப் பத்து என்று கேட்டதற்கு, முன்பதிவு செய்து கொடுக்கும் கம்பெனிக்கு அவர்கள் கொடுத்த கமிஷன் திரும்பி வராது என்று விளக்கினார். அது நிஜமான நஷ்டம் என்று நமக்குத் தோன்றிற்று, ஒப்புக்கொண்டோம். பதினோராம் நாள் 5,760 ரூபாய் வந்து சேர்ந்தது. எழுபத்திரண்டு மணி நேர விதியை மாற்றுவீர்களா என்றும் கேட்டிருந்தோம். “அது கம்ப்யூட்டரில் இருக்கிறது ஸார்” என்றார்.