‘நீங்கள் வரத் தேவையில்லை’

சென்ற வாரம் மருதமுனையிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய காணி வழக்கொன்று மேன்முறையீட்டில் இருக்கிறதாம், தவணையும் குறிக்கப்பட்டுவிட்டதாம். “லோயர் வரத் தேவையில்ல எண்டு சொல்றார். போகவா, விடவா?” என்று கேட்டார். போங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாக நான் பதில் சொன்னதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. வீட்டாரைத் தவிர வேறு எவருக்கும் இதுவரை நான் சொல்லாத விடயம் அது.

1998ஆம் ஆண்டு. நான் கொழும்பில் பத்திரிகை நிருபனாக அலைந்துகொண்டிருந்தேன். என் உம்மாவின் தங்கை, எங்களுக்குச் சாச்சி, மருதமுனையில் இரண்டு தறி போட்டுச் சாரன் நெய்து பிழைத்தவர். எங்கள் கரையோர ஊர்களில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். எல்லைத் தகராறு தீராத வளவைக் காட்டி எவரிடமும் மாப்பிள்ளை பேச முடியாது. சாச்சியின் வளவோரமாக ஓர் ஒழுங்கை, அது முடியும் இடத்தில் ஒரு கிணறு. இரண்டும் தமக்கே உரியவை என்று பக்கத்து வளவுக்காரர் வழக்குத் தொடுத்தார். கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் சாச்சி தோற்றார். மேன்முறையீடு செய்தார்.

அக்காலத்தில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் செய்யும் மேன்முறையீடுகள் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும். கல்முனையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். யுத்த காலம் வேறு. இரவு பஸ், வழிநெடுகச் சோதனைச்சாவடிகள், கொழும்பில் தங்குவதானால் பொலிஸ் பதிவு. “மேன்முறையீட்டில் சாட்சி விசாரணை இல்லை, கட்டுக்கட்டாகக் கடதாசிதான், நீங்கள் வரத் தேவையில்லை” என்றார் எங்கள் சட்டத்தரணி. நானும் அதையே சொன்னேன். நான் போய்ப் பார்த்து எழுதுகிறேன் சாச்சி, நீங்கள் ஏன் அலைய வேண்டும்?

“எண்ட வளவப் பத்தி நான் இல்லாமக் கதைக்கிறதா மனே?” என்று கேட்டார். நான் சிரித்தேன்.

தவணையன்று குறிப்புப் புத்தகத்தோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நீதியரசர்கள். எல்லாம் ஆங்கிலத்தில். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நீதியரசர்களில் ஒருவர் கோவையிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு யோசனை சொன்னார். கிணற்றில் தண்ணீர் அள்ளவும் மூன்றடிப் பாதையில் போய்வரவும் அந்த அம்மாவுக்கு உரிமை இருந்தால் இதை இணக்கமாக முடிக்கலாமே, இரு தரப்பும் என்ன சொல்கிறீர்கள்? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திரும்பினார். பின்னாலேயே அவருடைய கட்சிக்காரர் இருந்தார், எங்கள் ஊரிலிருந்து அதே இரவு பஸ்ஸில் வந்தவர். இருவரும் குசுகுசுத்தார்கள். சட்டத்தரணி நிமிர்ந்து, சம்மதம் என்றார். எங்கள் சட்டத்தரணியும் திரும்பினார். அவருக்குப் பின்னால் வெறும் வாங்கு. என் கட்சிக்காரரிடம் அறிவுறுத்தல் பெறவேண்டும் என்று சொல்லித் தவணை கேட்டார். சாச்சி கேட்டதும் அந்தத் தண்ணீரும் அந்த மூன்றடியும்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்து சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் வெறும் பார்வையாளன்.

பல மாதங்கள் கழித்து அடுத்த தவணை வந்தது. இம்முறை சாச்சி வந்தார். ஆனால் அதற்குள் எதிர்த்தரப்பின் மனம் மாறிவிட்டிருந்தது. வழக்கில் வெல்லப் போகிறவன் எதற்காக மூன்றடி கொடுக்க வேண்டும் என்று யாரோ ஓதியிருக்க வேண்டும். வாதம் முழுதாக நடந்தது. பின்னர் மேன்முறையீடு தள்ளுபடியானது.

எங்கள் சட்டத்தரணி பொய் சொல்லவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மேன்முறையீட்டாளர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தோன்றினால் போதும். சட்டத்தரணியை நியமித்துவிட்டால் அவரே பேசுவார், நாம் எழுந்து பேச முடியாது. ஆனால் வரத் தேவையில்லை என்பதை எங்கள் மக்கள் வரக்கூடாது என்றே விளங்கிக்கொள்கிறார்கள். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும், எவரும் தடையின்றி வந்து கேட்கலாம் என்கிறது. மேன்முறையீட்டுக்கு அதில் விலக்கு இல்லை. குடும்ப உறவு, பாலியல் விடயம், நாட்டுப் பாதுகாப்பு, நீதிமன்ற வளவின் ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நீதிபதி சிலரை வெளியேற்றலாம். அப்போதும் வழக்கில் நேரடி அக்கறை இல்லாதவர்களைத்தான் வெளியேற்றலாம். என் போன்ற நிருபர்களுக்குக் கதவு மூடலாம், சாச்சிக்கு மூட முடியாது. (அன்று உள்ளே இருந்தவன் நான், ஊரில் இருந்தவர் அவர்!)

பத்திரிகைக்காரர்கள் திறந்த நீதிமன்றம் பற்றிப் பேசும்போது 1913இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்கொட் எதிர் ஸ்கொட் வழக்கைச் சொல்வோம். அதுவும் குடியியல் வழக்குதான். மூடிய கதவுக்குள் நடந்த தன் திருமண வழக்கின் பதிவைப் பெண்ணொருத்தி கணவனின் தகப்பனார் உட்பட மூவருக்கு அனுப்பிவைத்தாள். அது நீதிமன்ற அவமதிப்பு என்று அவள்மீது வந்த தீர்ப்பை மேன்முறையீட்டில் பிரபுக்கள் சபை நீக்கியது. இன்று நிலைமை வேறு. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்ற விசாரணைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2022 செப்டெம்பரில் அரசியலமைப்பு அமர்வுகளை நேரலையாகக் காட்டத் தொடங்கியது. ஆனால் திரையில் பார்க்கிறவரைச் சட்டத்தரணி திரும்பிப் பார்த்து அபிப்பிராயம் கேட்க முடியாது.

மொழி விடயமும் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொன்ன சாச்சி, கொழும்பில் தன் பெயர் உச்சரிக்கப்பட்ட இடங்களை மட்டும் அடையாளம் கண்டார். நான் காதோடு காதாக மொழிபெயர்த்தேன். சேவகர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினர் தமிழிலோ சிங்களத்திலோ மொழிபெயர்ப்புப் பெற உரித்துடையவர் என்று 24ஆம் உறுப்புரை சொல்வதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் கேட்கச் சொல்லியிருப்பேன்.

திரும்பும் வழியில் சாச்சி அதிகம் பேசவில்லை. கண்டியில் தேநீர் குடிக்கும்போது, “அந்தக் கண்ணாடி போட்ட ஐயா எண்ட உறுதிய ரெண்டு தரம் திருப்பிப் பார்த்தார், கண்டியா மனே?” என்றார். தோற்ற பிறகும் நீதிமன்றத்தைப் பற்றி அவர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. என்னைப் பற்றியும்தான். முதல் தவணையன்று நடந்ததை நான் அவருக்கு முழுதாகச் சொன்னது பல ஆண்டுகள் கழித்து. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து ஒழுங்கையையும் கிணற்றையும் எல்லைக் கல்லையும் கொண்டுபோன பிறகு.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து எழும் குடியியல் மேன்முறையீடுகளை மாகாண மேல் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆகவே என் உறவினர் முதல் மேன்முறையீட்டுக்குப் புதுக்கடைக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் என்றால்தான் கொழும்பு. தூரம் குறைந்துவிட்டது. ‘வரத் தேவையில்லை’ என்ற பேச்சுத்தான் அப்படியே இருக்கிறது.

“அங்க போய் நான் என்னத்தச் செய்யிற?” என்று கேட்டார் அவர். வழக்கிலக்கத்தையும் தவணைத் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு உங்கள் சட்டத்தரணிக்கு நேர் பின்னால் உட்காருங்கள் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தால் நீங்கள் தெரிய வேண்டும்.