டைமரைக் கொல்லாதீர்கள்

எடிட்டரில் ஒரு கோப்பைச் சேமிக்கிறோம். நமக்கு அது ஒரே செயல். லினக்ஸில் ஐநோட்டிஃபை வழியாகக் கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிரலுக்கோ, தற்காலிகக் கோப்பு உருவானது, எழுதப்பட்டது, மூடப்பட்டது, பெயர் மாறியது என்று ஈவென்ட்கள் அடுக்கடுக்காக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்ட் ஓட்டுவது வீண். 200 மில்லிசெகண்ட் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் ஒரே ஒரு பில்ட் போதும். இதைத்தான் டிபவுன்ஸ் என்கிறோம். சுவிட்சை அழுத்தியதும் உலோக முனைகள் சில மில்லிசெகண்ட் துள்ளி, ஓர் அழுத்தலைப் பலவாகக் காட்டும். அதை அடக்கிய மின்னணுக்காரர்களிடமிருந்து வந்த பெயர் இது.

ஹாஸ்கெல்லில் இதை எழுத உட்கார்ந்தால் சட்டென்று தோன்றும் வழி ஒன்று உண்டு. ஈவென்ட் வந்ததும் ஃபோர்க்ஐஓ போட்டு ஒரு த்ரெட். அது த்ரெட்டிலேயில் தூங்கி எழுந்து வேலையைச் செய்யும். அதற்குள் அடுத்த ஈவென்ட் வந்தால் பழைய த்ரெட்டுக்கு ஒரு கில்த்ரெட். டெமோவில் அழகாக ஓடும். ஆனால் பழைய த்ரெட் ஏற்கெனவே விழித்துப் பாதி பில்டில் இருந்தால்? கில்த்ரெட் அனுப்பும் எக்ஸெப்ஷன் அங்கேயே வெட்டிவிடும். வெளியீட்டுக் கோப்பு அரைகுறையாக நிற்கும். எக்ஸெப்ஷனைத் தற்காலிகமாகத் தடுத்துவைக்கும் மாஸ்க் போட்டு பில்டைக் காப்பாற்றினால் வேறு தொல்லை: எக்ஸெப்ஷன் போய்ச் சேரும்வரை கில்த்ரெட் திரும்பாது, ஈவென்ட் வாங்கவேண்டிய த்ரெட் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

எர்லாங்கிலும் கதை இதுதான். டைமரை ரத்து செய்யப் போகும் நேரத்தில் அதன் செய்தி மெயில்பாக்ஸில் விழுந்திருக்கலாம். அதனால் விவரமானவர்கள் ரத்தை மட்டும் நம்புவதில்லை. வந்த செய்தியிலுள்ள டைமர் ரெஃபரன்ஸ் நடப்பிலுள்ளதுதானா என்று ஒப்பிட்டு, பழையதை ஒதுக்கிவிடுவார்கள். விழித்தவனே ‘நான் இன்னும் தேவையா’ என்று பார்த்துக்கொள்ளும் இந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அதை ஹாஸ்கெல்லில் எழுத எஸ்டிஎம் (மென்பொருள் பரிவர்த்தனை நினைவகம்) போல் ஒத்துழைப்பது வேறில்லை. ஹாரிஸ், மார்லோ, பெய்டன் ஜோன்ஸ், ஹெர்லிஹி நால்வரும் 2005இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கொடை அது. பரிவர்த்தனைக்குள் படித்து எழுதும் மாறிதான் டிவார். அப்படி ஒரு டிவாரில் காத்திருக்கும் ஈவென்ட்டும் அதன் வரிசை எண்ணும் இருக்கும். ஈவென்ட் த்ரெட் அதில் எழுதி, எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடும், யாருக்காகவும் நிற்காது. வேலை செய்வது ஒரே த்ரெட். ஈவென்ட் ஒன்று வந்ததும் அது எண்ணைக் குறித்துக்கொண்டு ரெஜிஸ்டர்டிலேயில் 2,00,000 மைக்ரோசெகண்ட் கேட்கும். நேரம் முடிந்ததும் உண்மை என்று மாறும் ஒரு டிவார் கிடைக்கும். பிறகு ஒரே பரிவர்த்தனை, ஆர்எல்ஸால் இணைத்த இரண்டு கிளைகள்: எண் மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கு, மாறாமல் நேரம் முடிந்திருந்தால் ஈவென்ட்டை எடுத்துக்கொள். இரண்டும் இல்லையென்றால் த்ரெட் தூங்கும், எந்த டிவார் மாறினாலும் ரன்டைம் எழுப்பும். பார்ப்பதும் எடுப்பதும் ஒரே பரிவர்த்தனை என்பதால் நடுவில் எந்த ஈவென்ட்டும் நழுவ வழியில்லை. பில்ட் நடப்பது பரிவர்த்தனைக்கு வெளியே. அப்போது வரும் ஈவென்ட் டிவாரில் காத்திருந்து அடுத்த சுற்றில் கவனிக்கப்படும். இரண்டு பில்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

ஈவென்ட் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் பில்ட் நடக்கவே நடக்காதே என்பீர்கள். முதல் ஈவென்ட்டிலிருந்து 2 விநாடிக்கு இன்னொரு ரெஜிஸ்டர்டிலே, அதற்கு ஆர்எல்ஸின் தலையில் ஒரு கிளை. முதலிலிருந்து தொடங்கும்போது இதை மட்டும் புதுப்பிக்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது என்பது தனி யோசனை. தேடல் பெட்டிக்குக் கடைசியாக இருந்த உரை போதும். கோப்புகளுக்கோ மாறிய பெயர்கள் அத்தனையும் வேண்டும். எனவே பழையதையும் புதியதையும் இணைக்கும் செமிகுரூப்பை அழைப்பவரிடமிருந்தே வாங்குவேன். நூலகம் எடுப்பவர்கள் ஆவணத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்: ஆட்டோ-அப்டேட் தொகுப்பின் டிரெய்லிங்எட்ஜ், இடையில் வரும் ஈவென்ட்டுக்காகக் கெடுவை நீட்டிப்பதில்லை.

டெஸ்ட் எழுதும்போது கடிகாரத்தையும் ஆர்குமென்ட்டாக வாங்குங்கள். நேரம் முடிந்தது என்று நாமே ஒரு டிவாரில் எழுதினால் போதும். டெஸ்டில் ஒரு வரிகூடத் தூங்க வேண்டியதில்லை.