விதியும் விதிகளும்

விளையாட்டில் என்ன ஆராய்ச்சி என்று நண்பர்கள் நகைக்கலாம். 2003-இல் டேவிட் வைட் தொடங்கி, ஆர்வலர் பலர் வளர்த்துவரும் ‘பேட்டில் ஃபார் வெஸ்னோத்’ என்னும் கணினிப் போர் விளையாட்டைச் சிதம்பரத்து நண்பன் எனக்கு அறிமுகம் செய்தான். விலை கிடையாது. அறுகோணக் கட்டங்களில் முறைவைத்துப் படை நகர்த்த வேண்டும். ஈட்டி வீரன் ஊர்க்கட்டத்தில் நின்றால் எதிரியின் அடி தவறும் வாய்ப்பு 60 விழுக்காடு. சதுப்பில் இறங்கினால் 20 தான். பிச்சாவரத்துச் சேற்றைக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

குறையும் உண்டு. சமவெளியில் நிற்கும் ஈட்டி வீரனை இன்னொருவன் மும்முறை குத்தினாலும், நூற்றில் ஆறு தடவை மூன்றுமே தவறிவிடும். ‘எல்லாம் விதி’ என்று நோகத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கைத் தாக்குமுன்னரே திரையில் பார்க்கலாம்; விளையாட்டின் மூல நிரலையும் எவரும் படிக்கலாம். இதுவே அதன் தலையாய சிறப்பு.

கடலூரில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்தப் படிவம், எந்தத் தேர்வு, எது கடைசி நாள் என்று கேட்க வீட்டில் எவருமில்லை. என் போன்றோர்க்கு முதல் தேவை விதிகளை மறைக்காத களம். தோற்றாலும் காரணம் தெரிய வேண்டும். அந்த அளவுகோலில் வெஸ்னோத் தேறுகிறது. நாம் நுழையவிருக்கும் மற்றக் களங்களும் தேறுமா?